கண்ணுக்கும் குழலுக்கும் நடுவே: பழைய ஸ்நைப்பர் துப்பாக்கிகளில் தொலைநோக்கி பொருத்திய நுட்பம்

இரண்டு உலகப் போர்களிலும் காலாட்படை வீரர்களில் மிகப் பெரும்பாலோர் இரும்புக் குறிகளை நம்பியே சுட்டனர். குழலின் முனையில் நிற்கும் முன்குறியையும், கண்ணுக்கு அருகில் உள்ள பின்குறியையும், தொலைவில் இருக்கும் இலக்கையும் ஒரே கோட்டில் கொண்டுவருவதே அம்முறை. மனிதக் கண்ணின் வில்லை ஒரு நேரத்தில் ஒரு தொலைவில் மட்டுமே குவிய இயலும் என்பதால், இம்மூன்றில் ஒன்று தெளிவாகத் தெரியும்போது மற்ற இரண்டும் மங்கிப்போகும். பயிற்சி பெற்றவர் முன்குறியைத் தெளிவாக வைத்துக்கொண்டு இலக்கின் மங்கலைப் பொறுத்துக்கொள்வார். ஆயினும் முந்நூறு மீட்டருக்கு அப்பால், புல்லின் நிறத்தில் உடையணிந்து அசையாமல் கிடக்கும் ஒருவரை முன்குறியின் அகலமே மறைத்துவிடும். மறைந்திருந்து தனி இலக்கை நோக்கிச் சுடும் ஸ்நைப்பர் வீரருக்கு இந்தக் குறைபாடு தாங்க முடியாதது.

துப்பாக்கியின் மீது பொருத்தப்படும் தொலைநோக்கி இச்சிக்கலை உருப்பெருக்கத்தால் தீர்க்கிறது என்று பலரும் கருதுவதுண்டு. உருப்பெருக்கம் உதவுகிறது என்பது உண்மையே. ஆனால் அதைவிட அடிப்படையான உதவி வேறொன்று. தொலைநோக்கி இலக்கின் பிம்பத்தையும், உள்ளே குறிவைக்க உதவும் குறுக்கிழையையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து நிறுத்துவதால், கண் ஒரே ஒரு தொலைவுக்குக் குவிந்தால் போதும். இதனால்தான் வெறும் இரண்டரை அல்லது மூன்று மடங்கு உருப்பெருக்கம் கொண்ட பழைய கருவிகள்கூடக் களத்தில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கின. அதே வேளையில் ஒரு புதிய சிக்கலும் பிறந்தது. இரும்புக் குறிகள் குழலோடு நேரடியாக இணைந்தவை. தொலைநோக்கியோ தனிக் கருவி, அதற்கென்று தனி அச்சு உண்டு. கண் பார்க்கும் கோடும் குண்டு செல்லும் கோடும் இருவேறு கோடுகளாகிவிட்ட நிலையில், அவ்விரண்டையும் அசையாத உறவில் பிடித்துவைக்கும் பொறுப்பு இடையில் உள்ள சிறு உலோகத் தாங்கியின் மீது விழுந்தது. பழைய ஸ்நைப்பர் துப்பாக்கிகளின் வரலாற்றை வில்லைகளின் வரலாறாக எழுதுவதே வழக்கம். உண்மையில் அது தாங்கிகளின் வரலாறாகவே எழுதப்பட வேண்டும்.

தாங்கியின் அருமை விளங்க வேண்டுமானால், முதலில் தொலைநோக்கியின் உட்புறத்தைச் சற்றுக் காண வேண்டும். இலக்கை நோக்கியிருக்கும் பொருளருகு வில்லை, தன் குவியத்தளத்தில் இலக்கின் மெய்ப்பிம்பத்தைத் தலைகீழாக உருவாக்குகிறது. நடுவில் உள்ள நிமிர்த்தும் வில்லைத் தொகுதி அதை நேராக்கி இரண்டாவது குவியத்தளத்தில் மீண்டும் உருவாக்குகிறது. கண்ணருகு வில்லை அப்பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இவ்விரு குவியத்தளங்களில் ஏதேனும் ஒன்றில் குறுக்கிழை வைக்கப்படும். பிம்பம் உருவாகும் தளமும் குறுக்கிழை நிற்கும் தளமும் துல்லியமாக ஒன்றுபடாவிட்டால், கண்ணைச் சிறிது பக்கவாட்டில் நகர்த்தும்போது குறுக்கிழை இலக்கின் மீது ஊர்வதுபோல் தோன்றும். இதுவே இடமாறு தோற்றப்பிழை. பழைய படைத் தொலைநோக்கிகளில் பெரும்பாலானவற்றில் இப்பிழை ஒரே ஒரு தொலைவுக்கு மட்டும் நீக்கப்பட்டிருந்தது. மற்றத் தொலைவுகளில் கண் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால்தான் பிழை எழாது. ஆகவே துப்பாக்கிக் கட்டையின் மீது கன்னத்தைச் சரியான உயரத்தில் தாங்கி நிறுத்தும் மரத்துண்டு, பார்வைக்கு எளிய ஒட்டாகத் தெரிந்தாலும், ஒளியியல் கருவியின் ஒரு பகுதியே ஆகும்.

கண்ணருகு வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டமும் முக்கியமானது. பொருளருகு வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். பிரிட்டிஷ் படையின் 32-ஆம் எண் தொலைநோக்கியில் 19 மில்லிமீட்டர் விட்டமும் 3 மடங்கு உருப்பெருக்கமும் இருந்ததால், வெளிவரும் கற்றை 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மங்கிய ஒளியில் விரியும் கண்பாவையின் அளவும் ஏறத்தாழ இதுவே என்பதால், விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் அக்கருவி தன் சிறிய உருவுக்கு மீறிப் பயன்பட்டது. ஆனால் ஒளி வேறு வழியிலும் இழக்கப்பட்டது. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பும் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். காற்றைத் தொடும் பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வீணாகும். இதைத் தடுக்கும் மென்பூச்சை ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-இல் உருவாக்கினார். முதல் உலகப் போர்க்காலக் கருவிகளில் அதற்கு வாய்ப்பே இருந்ததில்லை.

இனித் தாங்கிக்கு வரலாம். துப்பாக்கிச் சுடுதலில் கோணங்களை அளக்கக் கோண நிமிடம் என்னும் அலகு பயன்படுகிறது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான இது 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டரைக் குறிக்கும். தாங்கி, துப்பாக்கியின் உடற்பகுதியை முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில் தொடுகிறது என்றும், அவ்விரண்டுக்கும் இடையே 15 சென்டிமீட்டர் இடைவெளி என்றும் கொண்டால், பின்புறத் தொடுபுள்ளி ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு மட்டும் விலகினாலே தொலைநோக்கியின் அச்சு இரண்டு கோண நிமிடங்களுக்கும் அதிகமாகத் திரும்பிவிடும். அது 100 மீட்டரில் 7 சென்டிமீட்டர் அளவிலான பிழை. 600 மீட்டரில் 40 சென்டிமீட்டர். சாதாரணத் தாள் ஒன்றின் கனமே அந்தப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய விலகலுக்கும் இடங்கொடாமல், சேறும் மழையும் குளிரும் நிறைந்த பதுங்குகுழிகளில், தாங்கியைக் கழற்றி மீண்டும் மாட்டினாலும் அதே இடத்துக்குத் திரும்பிவர வேண்டும் என்பதே படைக்கல வினைஞர்களின் முன் வைக்கப்பட்ட வேலை.

முதல் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டன் இதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை. ஒளியியல் கண்ணாடியில் பெரும்பகுதியை அந்நாடு ஜெர்மனியிடமிருந்தே வாங்கிவந்தது. யேனா நகரின் ஷாட் ஆலையை அடியாகக் கொண்ட ஜெர்மனியோ, வேட்டைத் துப்பாக்கிகளுக்கான தொலைநோக்கிகளைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்த பட்டறைகளை நிறையவே கொண்டிருந்தது. 1915-இல் அவசரமாகத் தொடங்கிய பிரிட்டிஷ் முயற்சியில் பெரிஸ்கோப்பிக் பிரிசம், ஆல்டிஸ் ஆகிய நிறுவனங்களின் கருவிகள் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளில் ஏற்றப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை குழலுக்கு நேர்மேலே அமையாமல், இடப்பக்கமாகத் தள்ளி அமைந்தன. ஐந்து தோட்டாக்களை ஒரே பட்டையில் கோத்து மேலிருந்து உள்ளே தள்ளும் சார்ஜர் முறைக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இம்முடிவு எவ்வளவு தவறானது என்பதை வடிவியல் எளிதில் காட்டும். தொலைநோக்கி குழலின் அச்சிலிருந்து 2 சென்டிமீட்டர் இடப்பக்கம் விலகி நிற்கிறது என்று கொள்வோம். 100 மீட்டரில் இரு கோடுகளும் சந்திக்குமாறு சரிசெய்தால், குண்டு அதுவரை பார்வைக்கோட்டுக்கு வலப்புறத்தில் சென்று, அங்கே அதைக் கடந்து, 200 மீட்டரில் 2 சென்டிமீட்டரும் 300 மீட்டரில் 4 சென்டிமீட்டரும் இடப்புறம் விலகும். ஒவ்வொரு தொலைவுக்கும் பக்கத் திருத்தம் மாறிக்கொண்டே இருக்கும். பிழையின் அளவு சிறிது என்று அதை ஒதுக்கலாம். ஆனால் களத்தில் அதைவிடக் கொடிய விளைவு ஒன்று இருந்தது. பதுங்குகுழிகளில் எஃகுத் தகடுகளில் வெட்டப்பட்ட குறுகிய துளைகள் வழியாகவே வீரர்கள் சுட்டனர். குழல் துளைக்குள் நுழைந்தாலும், பக்கவாட்டில் தள்ளி நிற்கும் தொலைநோக்கிக்கு முன்னே தகட்டின் சுவரே தெரிந்தது. 1916-இல் பிரான்சின் லாங்கெம் ஊரில் பிரிட்டிஷ் முதலாம் படையின் ஸ்நைப்பர் பயிற்சிப் பள்ளியை உருவாக்கிய ஹெஸ்கெத்-பிரிச்சர்டு, 1920-இல் வெளியான தம் போர் நினைவு நூலில் இந்தப் பக்கப் பொருத்தத்தைக் கடுமையாகச் சாடினார். முன்னணிக்கு வந்துசேர்ந்த தொலைநோக்கித் துப்பாக்கிகளில் பல, குறி நேராக அமையாமலேயே வீரர்களின் கைக்குக் கொடுக்கப்பட்டிருந்ததையும், அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்யத் தாம் முகாம் முகாமாகச் சென்றதையும் அவர் பதிவு செய்துள்ளார். விலையுயர்ந்த வில்லைகளை வாங்கிய நிர்வாகம், அவற்றைத் துப்பாக்கியோடு இணைக்கும் வேலையை அற்பமாக எண்ணியதன் விலையைக் களத்தில் நின்றவர்கள் கொடுத்தனர்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் அப்பாடத்தை நன்றாகவே கற்றிருந்தது. 4-ஆம் எண் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் தொலைநோக்கி வடிவம், பொருத்தும் நுட்பத்தில் அக்காலத்தின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு என்று சொல்வது மிகையாகாது. ஆலையிலிருந்து வெளிவந்த துப்பாக்கிகளில் இயல்பாகவே நன்கு குறிவிழும் துப்பாக்கிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1942 முதல் அவற்றில் பெரும்பாலானவை ஹாலண்டு அண்டு ஹாலண்டு என்னும் லண்டன் துப்பாக்கி நிறுவனத்திடம் அனுப்பப்பட்டன. செல்வர்களின் வேட்டைத் துப்பாக்கிகளைக் கையால் இழைத்துச் செய்து பழகிய வினைஞர்கள் அங்கே இருந்தனர். அவர்கள் துப்பாக்கியின் ரிசீவர் எனப்படும் எஃகு உடற்பகுதியின் இடச்சுவரில், முன்னும் பின்னுமாக இரண்டு எஃகு அடித்தளங்களைப் பொருத்தினர். இரண்டு பெரிய கைத்திருகுகளால் அவ்வடித்தளங்களோடு இறுகும் வார்ப்பிரும்புத் தாங்கி, தொலைநோக்கியைக் குழலின் மேலாக ஏந்தி நின்றது. பிடிமானம் பக்கத்தில், பார்வை மேலே என்ற இவ்வமைப்பு, முந்தைய போரின் பக்கப் பிழையை நீக்கியது. சார்ஜர் பட்டையால் தோட்டா நிரப்பும் வசதி இதனால் போயிற்று. தோட்டாக்களை ஒவ்வொன்றாகவே இட வேண்டியதாயிற்று. ஒரு குண்டு சுட்டுவிட்டு நெடுநேரம் காத்திருக்கும் ஸ்நைப்பருக்கு இது பெரிய இழப்பன்று. தொலைநோக்கிக்கு இடம் விடுவதற்காகப் பின்குறியின் ஒரு பகுதியும் அராவி நீக்கப்பட்டது. கட்டையின் மீது மரக் கன்னத்தாங்கி ஒன்று திருகப்பட்டது.

இத்துப்பாக்கியில் ஏற்றிய 32-ஆம் எண் தொலைநோக்கி முதலில் பிரென் இலகு இயந்திரத் துப்பாக்கிக்காகவே வடிவமைக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. அதனால்தான் அது ஸ்நைப்பர் கருவிக்குத் தேவைப்படுவதைவிடத் தடித்த எஃகு உடலைப் பெற்றிருந்தது; தாங்கியோடு சேர்த்து அதன் எடை ஏறத்தாழ 1 கிலோகிராம். அந்த எடை, பொருத்துவோருக்கு ஒரு தலைவலியைத் தந்தது. .303 தோட்டாவின் குண்டு 11.3 கிராம் எடையுள்ளது. வினாடிக்கு ஏறத்தாழ 744 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. உந்த அழிவின்மை விதிப்படி, ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுள்ள துப்பாக்கி, குண்டு குழலைவிட்டு நீங்கும் கணத்துக்குள் வினாடிக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேலான வேகத்தில் பின்னோக்கி நகரத் தொடங்குகிறது. இவ்வேகம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள் எட்டப்படுவதால், அதன் சராசரி முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் நூறு மடங்கு அளவுக்கு உயர்கிறது; அழுத்தம் உச்சத்தை எட்டும் கணத்தில் இது இன்னும் இரு மடங்காகிறது. 1 கிலோகிராம் எடையுள்ள தொலைநோக்கி இருந்த இடத்திலேயே இருக்க முயலும்போது, நூறு கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடை பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமமான விசை சில சிறு திருகாணிகளின் மீது, ஒவ்வொரு முறை சுடும்போதும் பாய்கிறது.

திருகாணிகள் மட்டும் இவ்விசையைத் தாங்கினால் அவற்றின் மரைகள் மெல்ல நெகிழும். நெகிழ்ந்தால் குறி அலையும். எனவே வினைஞர்கள் அடித்தளங்களைத் திருகியதோடு நில்லாமல், ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்பற்றாசால் உடற்பகுதியோடு ஒட்டவும் செய்தனர். பற்றாசு இரு பரப்புகளுக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்பி, விசையைப் பரப்பு முழுவதிலும் பகிர்ந்தளிக்கிறது. திருகாணி அழுத்திப் பிடிக்க, பற்றாசு வழுக்காமல் தடுக்கிறது. இதைவிட வலுவான பித்தளைப் பற்றவைப்பையோ வெல்டிங்கையோ அவர்கள் நாடாததற்கு உலோகவியல் காரணம் உண்டு. உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கும் ரிசீவரின் எஃகு, குறிப்பிட்ட வெப்பப் பதப்படுத்தலால் தன் உறுதியைப் பெற்றது. பித்தளைப் பற்றவைப்புக்கு வேண்டிய எண்ணூறு செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் அப்பதத்தை அழித்து, துப்பாக்கியைச் சுடுபவருக்கே ஆபத்தாக்கிவிடும். மென்பற்றாசுக் கலவைகளோ 183 பாகை செல்சியசிலேயே உருகத் தொடங்குவன; எஃகின் உள்ளமைப்பு அவ்வெப்பத்தில் பெரிதாக மாறுவதில்லை. பழைய துப்பாக்கிகளை இன்று பழுதுபார்க்க முனைவோர் இந்த ஒன்றை மறந்தால்கூட விளைவு பெரிதாகும்.

ஒவ்வொரு தாங்கியும் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கென்றே இழைத்துச் சரிசெய்யப்பட்டதால், அதை மற்றொன்றில் மாட்டினால் அச்சு நேராக அமையும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே துப்பாக்கியின் எண் தாங்கியிலும், தொலைநோக்கியின் எண் துப்பாக்கிக் கட்டையின் மணிக்கட்டுப் பகுதியிலும் பொறிக்கப்பட்டன. இந்த எண்கள் கிடங்குக் கணக்குக்காக மட்டும் இடப்பட்டவை அல்ல. இவ்விரண்டும் சேர்ந்தே ஒரு கருவி என்று பட்டறை கொடுத்த சான்று அது.

சோவியத் ஒன்றியம் இதே சிக்கலை முற்றிலும் வேறு மனநிலையோடு அணுகியது. அங்கே தேவை எண்ணிக்கை. கையால் இழைக்கும் வினைஞர்களுக்காகக் காத்திருக்கும் நிலையில் 1942-இல் அந்நாடு இல்லை. மோசின்-நகான் துப்பாக்கியில் பொருத்தப்பட்ட பியூ தொலைநோக்கி 3.5 மடங்கு உருப்பெருக்கம் கொண்டது. 17 சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளம். எடை 270 கிராம் மட்டுமே. எஸ்விடி-40 என்னும் அரைத்தானியங்கித் துப்பாக்கிக்காக உருவான அதைக் கொச்செத்தோவ் தாங்கி என்று அழைக்கப்படும் எளிய அமைப்பு மோசினின் இடச்சுவரோடு இணைத்தது. ரிசீவரில் திருகப்பட்ட அடித்தளத்தின் முன்புறத்தில் உருண்டையான குமிழ் ஒன்று. தாங்கி அதன்மேல் அமர்ந்து அதையே சுழல்மையமாகக் கொள்கிறது. பின்புறத்தில் மேலும் கீழுமாக எதிரெதிரே அமைந்த இரண்டு திருகாணிகள் தாங்கியின் வாலை நடுவில் பிடித்துக்கொள்கின்றன. ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் தொலைநோக்கியின் முனை உயரும் அல்லது தாழும். தொலைநோக்கியின் எடை குறைவு என்பதால், மேலே கண்ட கணக்கின்படி தாங்கியின் மீது பாயும் விசையும் அதே விகிதத்தில் குறைகிறது. எனவே பிரிட்டிஷ் முறையின் உழைப்பில் ஒரு பகுதி இங்கே தேவைப்படாமலே போயிற்று. அழகில் குறைந்த இவ்வமைப்பு, பொறியியல் அறிவில் எவ்விதத்திலும் குறைந்ததன்று. மோசினின் போல்ட் எனப்படும் தாழின் நேரான கைப்பிடி, மேலே தூக்கும்போது தொலைநோக்கியில் இடிக்கும் என்பதால், ஸ்நைப்பர் வடிவத்துக்கு மட்டும் அது நீட்டி வளைக்கப்பட்டது.

ஜெர்மானியர்களின் மவுசர் 98கே துப்பாக்கியில் பலவகைத் தாங்கிகள் இருந்தன. கோபுரத் தாங்கி எனப்படும் வகையில், தொலைநோக்கியின் முன்கால் அடித்தளத்தின் துளையில் குறுக்காக நுழைக்கப்பட்டு, கால்வட்டம் திருப்பியபின் பூட்டிக்கொள்ளும். வேட்டைத் துப்பாக்கிகளிலிருந்து வந்த இம்முறை நேர்த்தியானது. ஆனால் அதற்கு மிகுந்த கைத்திறன் வேண்டும். அதே படை 1.5 மடங்கு உருப்பெருக்கமே கொண்ட இசட்எஃப்-41 என்னும் சிறு தொலைநோக்கியைப் பின்குறியின் பக்கத்தில், கண்ணிலிருந்து வெகுதொலைவில் பொருத்தி ஏராளமாக வழங்கியது. மேலிருந்து தோட்டா நிரப்பும் வசதியைக் காப்பாற்ற அது கண்பார்வையின் பரப்பைப் பலிகொடுத்தது. ஸ்நைப்பர் கருவியாக அது தோற்றதற்கு அந்தப் பேரமே காரணம்.

அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் செய்த எம்1903ஏ4 துப்பாக்கியில் தாங்கி நேராக ரிசீவரின் மேலேயே அமர்ந்தது. வணிகச் சந்தையில் கிடைத்த வீவர் தொலைநோக்கியும் ரெட்ஃபீல்டு ஜூனியர் தாங்கியும் அப்படியே எடுத்தாளப்பட்டன. தாங்கியின் அடித்தளம் ரிசீவரின் உச்சியை மூடிவிடும் என்பதால், வழக்கமாக அங்கே பொறிக்கப்படும் வடிவப்பெயரும் எண்ணும் இரு பக்கங்களுக்குத் தள்ளிப் பொறிக்கப்பட்டன. பொறித்த பெயரோ ஏ4 அன்று, 03-ஏ3 என்பதே. இரும்புக் குறிகளே இல்லாமல் களத்துக்குச் சென்ற இத்துப்பாக்கியில், தொலைநோக்கி உடைந்தால் வேறு வழியில்லை. எம்1சி கராண்டு துப்பாக்கியிலோ, எட்டுத் தோட்டாக் கட்டு மேலிருந்தே உள்ளே செல்ல வேண்டும் என்பதோடு, சுட்ட பின் காலிக் கட்டு மேல்நோக்கியே வெளியே எறியப்படும் என்பதால், தொலைநோக்கியை இடப்பக்கம் தள்ளி வைப்பதைத் தவிர்க்க முடியவில்லை. முதல் உலகப் போரில் அறியாமையால் நேர்ந்த அதே ஏற்பாடு இங்கே இயந்திர அமைப்பின் கட்டாயத்தால் நேர்ந்தது. முகத்தை இடப்பக்கம் கொண்டுவரத் தோல் கன்னத்தாங்கி ஒன்று கட்டையில் கட்டப்பட்டது.

இத்தனை நாடுகளும் தாங்கியின் நேர்த்திக்கு இவ்வளவு பாடுபட்டதற்கு, இன்றைய தொலைநோக்கிகளை மட்டும் அறிந்தவர்களுக்குத் தெரியாத காரணம் ஒன்று உண்டு. இக்காலக் கருவிகளில் திருத்தக் குமிழைத் திருப்பும்போது, உள்ளே உள்ள நிமிர்த்தும் வில்லைத் தொகுதி முழுதும் நகர்ந்து பிம்பத்தையே இடம்பெயர்க்கும். குறுக்கிழை எப்போதும் பார்வைப் பரப்பின் நடுவிலேயே நிற்கும். பழைய படைத் தொலைநோக்கிகளில் நகர்ந்தது குறுக்கிழைதான். தாங்கி சிறிது கோணலாக அமைந்துவிட்டால், அதை ஈடுசெய்யக் குமிழைத் திருப்பத் திருப்பக் குறுக்கிழை பார்வைப் பரப்பின் ஓரத்துக்குச் சென்றுவிடும்; அங்கே வில்லைகளின் பிறழ்ச்சி மிகுதி, பிம்பமும் மங்கல், திருத்தும் எல்லையும் விரைவில் முடிந்துபோகும். எனவே முதல் நேர்செய்தலைத் தாங்கியே செய்து முடிக்க வேண்டும். குமிழ்களுக்கு நுண்திருத்தம் மட்டுமே மிச்சமிருக்க வேண்டும். கொச்செத்தோவ் தாங்கியின் எதிரெதிர்த் திருகாணிகளும், ரெட்ஃபீல்டு தாங்கியின் பின்புறத்தில் இடம் வலமாக நிற்கும் இரு திருகாணிகளும், ஹாலண்டு வினைஞர்களின் அரமும் செய்த வேலை இதுவே.

நேர்செய்த பின் எஞ்சுவது தொலைவுத் திருத்தம். குண்டு குழலைவிட்டு நீங்கிய கணத்திலிருந்தே புவியீர்ப்பால் கீழே விழத் தொடங்குகிறது; .303 குண்டு 100 மீட்டரைக் கடப்பதற்குள் 10 சென்டிமீட்டர் அளவுக்கும், 500 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 3 மீட்டர் அளவுக்கும் வீழ்கிறது. இதற்கு ஈடாகக் குழல் பார்வைக்கோட்டுக்கு மேல்நோக்கிச் சாய வேண்டும். 32-ஆம் எண் தொலைநோக்கியின் குமிழில் 1,000 கெஜம் வரையிலும், பியூ தொலைநோக்கியின் குமிழில் 1,300 மீட்டர் வரையிலும் பொறித்த எண்கள் இச்சாய்வையே குறிக்கின்றன. அவ்வெண்கள் ஒரே ஒரு வகைத் தோட்டாவின் எறிபாதைக்கு மட்டும் உண்மையானவை. வேறு எடையுள்ள குண்டை, வேறு வேகத்தில் சுட்டால் குமிழின் எண்கள் பொய்யாகும். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டன் 4-ஆம் எண் ஸ்நைப்பர் துப்பாக்கிகளை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றி எல்42ஏ1 என்று பெயரிட்டபோது, பழைய தொலைநோக்கிகளைத் தூக்கி எறியவில்லை. அவற்றின் குமிழ்களை மீட்டர் கணக்கில் புதிதாகப் பொறித்து மீண்டும் பயன்படுத்தியது. நாற்பதுகளில் செய்த தாங்கிகள் இவ்வாறு மேலும் இருபதாண்டுகள் பணியாற்றின.

இத்துப்பாக்கிகள் மனிதர்களைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்டவை என்பதை எந்த நேர்த்தியும் மாற்றிவிடாது. ஆனால் போர் முடிந்த பின்னர் அவை அளவியலும் உலோகவியலும் ஒளியியலும் ஒரு கைத்தொழிலில் கூடிய காலத்தின் சான்றுகளாக மாறியுள்ளன. அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் அவற்றைப் பேணுகின்றனர். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் உள்ள கேம்ப் பெர்ரி திடலில் 2011 முதல் இப்பழைய ஸ்நைப்பர் துப்பாக்கிகளுக்கென்றே 300, 600 கெஜத் தொலைவுகளில் போட்டிகள் நடத்தப்படுகின்றன. இவ்வார்வம் பெருகப் பெருக, அசல் தொலைநோக்கிகளின் விலை ஏறியதால், புதிதாகச் செய்த நகல் தொலைநோக்கிகளும் நகல் தாங்கிகளும் சந்தைக்கு வந்தன. நகல்கள் இருப்பதில் குற்றமில்லை. அசலைத் தேய்க்காமல் சுடப் பழக அவை உதவவே செய்கின்றன. குற்றம் வேறிடத்தில் உள்ளது. எந்நாளும் தொலைநோக்கி ஏற்றப்படாத சாதாரணப் படைத்துப்பாக்கி ஒன்றின் ரிசீவரில் புதிதாகத் துளையிட்டு, ஸ்நைப்பர் முத்திரைகளைப் போலியாகப் பொறித்து விற்கும் வழக்கம், ஒரு வரலாற்றுச் சான்றை அழித்து மற்றொரு பொய்ச் சான்றை உருவாக்குகிறது. மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகில் இடம் தவறி இடப்படும் துளை, உடற்பகுதியின் வலுவையும் குறைக்கக்கூடும்.

பழுதுபார்ப்பிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பிரிட்டிஷ் தாங்கிகளின் சிறு திருகாணிகளில் பிஏ என்னும் பழைய மரை அளவு உள்ளது. அதே விட்டத்தில் கிடைக்கும் மெட்ரிக் திருகாணியை வலிந்து திருகினால் அடித்தளத்தின் மரை நிரந்தரமாகச் சிதையும். வில்லைகளை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் கனடா பால்சம் என்னும் மரப்பிசின் வெப்பத்திலும் கரைப்பான்களிலும் கலங்கிவிடும் என்பதால், மங்கிய தொலைநோக்கியைச் சாராயத்தில் கழுவ முனைவது அதைக் கொல்வதற்கு ஒப்பாகும். கழன்றுபோன அடித்தளத்தைப் பழைய துளைகளிலேயே, பழைய மென்பற்றாசு முறையிலேயே மீண்டும் நிறுத்துவதுதான் சரியான வழி. அதற்கு உரிய பயிற்சி இல்லாதவர் அதைத் தொடாமல் விடுவதே மேல்.

எல்லாவற்றுக்கும் மேலாக, துப்பாக்கியையும் அதன் தொலைநோக்கியையும் பிரிக்கக் கூடாது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் படைக்கிடங்குகள் உபரித் தொலைநோக்கிகளைத் தனியாகவும் துப்பாக்கிகளைத் தனியாகவும் விற்றதால், ஆயிரக்கணக்கான இணைகள் ஏற்கெனவே சிதறிவிட்டன. எஞ்சியவற்றைக் கையில் வைத்திருக்கும் அருங்காட்சியகங்களும் தனியாரும், கட்டையில் உள்ள தொலைநோக்கி எண்ணையும் தாங்கியில் உள்ள துப்பாக்கி எண்ணையும் தங்கள் பதிவேட்டில் ஒரே வரியில் எழுதிவைக்க வேண்டும். விற்பதானாலும் கொடையளிப்பதானாலும் இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.